இரவல் ஃப்ரிட்ஜ்

அறக்கட்டளையிலிருந்து ஃபோன் வந்ததும் சபீனா துள்ளிக் குதித்தாள், அவள் அம்மா மெஹருன்னிசா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். சென்ற வாரம் அந்த இடத்தில்தான் அம்மாவையும் மகளையும் விட்டுவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். பார்ப்பதற்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் மெஹரின் கவலை.

இன்றைக்குத்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். ஆறுக்கும் ஒரே மாதிரிப் பச்சைக் கதவு, பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய். மூன்றாவது கதவு இவர்களுடையது. மெஹர் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். அவள் கணவர் கபூர் முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ஒரே மகள் சபீனா பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்திரண்டு வாங்கினாள். கவுன்சலிங்கில் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் இடமும் வாங்கிவிட்டாள்.

இடம் கிடைத்தாயிற்று, சேரத்தான் வழியில்லை. சிறுபான்மையினருக்கான அரசாங்க உதவித்தொகைக்கு மனு போடவே முதலில் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருஷக் கட்டணத்தைக் கட்டிச் சேருவதற்குக் கைவிளக்கு அறக்கட்டளையை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. அவர்கள் வைத்த எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது வீட்டைப் பார்ப்பது மட்டும்தான்.

மெஹருக்குத் தெரிந்து, ஒரு வீட்டைப் பார்க்க இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள். ஒன்று, பெண் பார்க்க வருகிறவர்கள். இன்னொன்று, கடன் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனிக்காரர்கள். போன வருஷம் கரண்டில் ஓடும் ஒரு பவர் தையல் மிஷின் வாங்கலாம் என்று அவளும் மனு போட்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். வாசலில் நின்றபடியே நாலு சுவரையும் பார்த்தான், ஏதோ எழுதிக்கொண்டான், போய்விட்டான். டிவியும் கட்டிலும் இருந்த ஐந்தாவது வீட்டுக்குக் கடன் வந்தது. மெஹருக்கு வரவில்லை. அன்றைக்கு அவள் ஒரு பாடம் படித்தாள், அதை இன்றுவரை மறக்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கபூர் டியூட்டிக்குக் கிளம்பினார். பத்து மணிக்கு மாற்று ஆள் வந்துவிடுவான், பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மணிக்குச் சபீனா வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் ஜெராக்ஸ் எடுக்க ஓ.டி. கடைத்தெருவுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமையாதலால் கடையைத் திறக்கவே ஒன்பதரை ஆனது. திறந்ததும் கரண்ட் போனது. அவள் அங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே எல்லாம் நடந்தது.

உண்மையைச் சொன்னால், மெஹர் கேட்டது இரண்டே இரண்டு நாற்காலி. பக்கத்து வீட்டு லோகநாயகியிடம் கேட்டாள். லோகநாயகிக்கு ஐம்பது வயதிருக்கும். மாவு அரைத்து விற்று ஒற்றை ஆளாக இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தவள். அவளிடம் ஓர் உதவியை அளவாகக் கேட்க முடியாது.

"நம்ம சபீனா பட்ச்சி பெரியாளாவற விசயம். ரெண்டு நாற்காலி போட்டா ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு அவள் வரிசை முழுக்க ஒரு நடை நடந்தாள்.

சாமியானா கடை வைத்திருக்கும் பரந்தாமன் சிவப்பு உறை போட்ட ஆறு நாற்காலிகளை இறக்கினார். கடைசி வீட்டுத் தினேஷ் தன் புது டிவியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். யாரோ திரைச்சீலை கொடுத்தார்கள், யாரோ சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடைசியாக லோகநாயகி தன் ஃப்ரிட்ஜையே கொடுத்தாள். மாவு வியாபாரத்துக்கு அதுதான் உயிர். பெற்ற மகள்களையே அதைத் திறக்க விடமாட்டாள். நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி மூன்றாம் வீட்டுச் சுவரோரம் நிறுத்தினார்கள். அதன் கதவில் திருத்தணி முருகன் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. உரித்துவிடலாமா என்று கேட்ட தினேஷை லோகநாயகி ஒரு முறை முறைத்தாள். அதனால் முருகன் மேல் ஒரு காலண்டரை ஒட்டி மறைத்தார்கள்.

எழுதுகிற எனக்கே அந்த ஆறு வீட்டுக்காரர்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரரிடம் ஏணி கேட்கவே எனக்கு மூன்று நாள் தயக்கம்.

பத்தே முக்காலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்த சபீனா, உள்ளே ஒரு காலை வைத்ததும் நின்றுவிட்டாள். மெஹர் பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெருமையைப் பார்த்த பிறகு சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சபீனா சொன்னாள்.

"ம்மா, அவங்க வர்றதே நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு பாக்கறதுக்குத்தான்."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எவன்டி குடுப்பான்?"

மெஹர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படி ஓர் ஆளை அவள் பார்த்ததில்லை.

"இவங்க குடுப்பாங்கம்மா. இல்லாதவங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க. இதெல்லாம் பாத்தா வேற யாருக்காவது குடுத்துட்டுப் போயிடுவாங்க."

மெஹருக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று திரும்பி டிவியின் ஒயரைப் பிடுங்கினாள். தினேஷ் ஒரு பக்கம் பிடித்தான், பரந்தாமன் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். அதற்குள் சந்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்தவர்கள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். எல்லாரும் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகினார்கள்.

வந்தவர்கள் இருவர். ரேணுகா வானகரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி, ஞாயிற்றுக்கிழமைகளில் அறக்கட்டளைக்காக இப்படி வீடு வீடாகப் போகிறவர். கூட வந்த கோகுல்நாத் வங்கியில் வேலை செய்கிறவர். ரேணுகா கேள்வி கேட்க, அவர் ஃபோனில் பதிவு செய்வார், படமும் எடுப்பார். சிவப்பு உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்ததுமே ரேணுகாவின் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததை மெஹர் பார்த்தாள்.

முதல் கேள்விகள் சுலபமாக இருந்தன. வாடகை எவ்வளவு, எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். சபீனா காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். பிறகு ரேணுகா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இந்த டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் உங்களோடதாம்மா?"

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஏமாற்றத்தான் வைத்தோம் என்று ஆகிவிடும். மகள் முகத்தில் கரியைப் பூசியதாகிவிடும். இதையெல்லாம் மெஹர் ஒரு நொடியில் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"ஆமாங்க."

கோகுல்நாத் இரண்டையும் படமெடுத்து, ஃபோனில் இரண்டு இடத்தில் விரலை வைத்தார். சபீனா குனிந்து தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வெளியாட்கள் முன்னால் பெற்றவளைப் பொய்க்காரி என்று சொன்னதாகும். திறக்காவிட்டால் நாலு வருஷப் படிப்பு அந்த இரண்டு விரல் தொடுதலோடு போய்விடும். பதினேழு வயதுக்கு அது பெரிய பாரம்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கபூர் வந்தார்.

மாற்று ஆள் தாமதமாக வந்ததால் உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். காலையில் அவர் விட்டுவிட்டுப் போனது ஒரு பாயும் ஒரு தையல் மிஷினும் இருந்த வீடு. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், சிவப்பு நாற்காலியில் இருந்த இரண்டு அந்நியர்களைப் பார்த்தார். எல்லாக் கதவும் பச்சையாக இருக்கிற வரிசை அது.

"மன்னிச்சிக்குங்க, ஊடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவுக்குள் போய்விட்டார்.

யார் அவர் என்று ரேணுகா கேட்டார். என் வீட்டுக்காரர் என்று மெஹர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ராத்திரி டியூட்டி, பகல் டியூட்டி என்று மாறி மாறிப் பார்ப்பதில் அவருக்கு அசதி என்றும் சேர்த்துச் சொன்னாள். ரேணுகா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை மெஹர் நம்பவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துக் கபூர் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கதவோரம் நின்றுகொண்டார். பக்கத்து வீட்டில் லோகநாயகி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

கேள்விகள் நீண்டுகொண்டே போயின. மணி பன்னிரண்டரை ஆனது. குழாயடிச் சிமெண்டு மேடையில் லோகநாயகி வந்து உட்கார்ந்தாள். எழுந்து வாசல் வரை வந்தாள், திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சபீனாவின் கண் அடிக்கடி வெளியே போனது. எதற்கு என்று மெஹருக்குத் தெரியும்.

லோகநாயகிக்குச் சர்க்கரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும். கண்பார்வை மங்கியதிலிருந்து ஊசியில் இருக்கும் கோடுகள் அவளுக்குத் தெரிவதில்லை. இரண்டு வருஷமாக அவளுக்கு ஊசி போடுவது சபீனாதான். ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள், பரீட்சை நாளில்கூடத் தவறியதில்லை. நர்சிங் படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். இங்கிருந்துதான் வந்தது.

மருந்து ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. ஃப்ரிட்ஜ் இந்த வீட்டில் இருந்தது. உள்ளே வந்து கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று லோகநாயகி பசியோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். சபீனா பார்த்தபோது, பரவாயில்லை, நீ பேசு என்று கையால் சைகை காட்டினாள்.

அந்தச் சைகையை மெஹர் பார்த்துவிட்டாள்.

ரேணுகா ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்தாள். நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இழுத்த வேகத்தில் காலண்டர் கீழே விழுந்தது. வேலும் மயிலுமாகத் திருத்தணி முருகன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். மெஹர் அதைக் கவனிக்கவே இல்லை. மாவுப் பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து மருந்து டப்பாவை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"போய் போட்டுட்டு வா. அந்தம்மா பசியோட குந்திகினு கீது."

சபீனா டப்பாவோடு குழாயடிக்குப் போனாள். திறந்த கதவு வழியாக ரேணுகாவும் கோகுல்நாத்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்தாள், மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். நேற்று எங்கே போட்டோம் என்று கேட்டு, இடத்தை மாற்றிப் போட்டாள். லோகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள். முடிந்துவிட்டது, கண்ணைத் திற பெரிம்மா என்று சபீனா சொல்லிச் சிரித்தபோதுதான் திறந்தாள். ரேணுகா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

மெஹர் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். குரல் நடுங்காமல் பேசினாள்.

"மேடம், நான் சொன்னது பொய்யிங்க. ஃப்ரிட்ஜ் அந்தம்மாவுது. டிவி கடைசி ஊட்டுப் புள்ளையுது. நீங்க குந்துன நாற்காலி பரந்தாமன் அண்ணாத்தேவுது. இந்த ஊட்ல எங்களுதுன்னா அந்தத் தையல் மிஷினு, ஒரு பாயி, அப்பறம் அந்தப் பொண்ணு. ஒண்ணுமில்லாத ஊட்டுக்கு யாரும் தரமாட்டாங்கன்னு நெனச்சி நான்தான் பண்ணேன். அவளுக்கு மொதல்ல தெரியாது. தெரிஞ்சதும் வேணாம்னுதான் சொன்னா. தப்பு என்னுதுன்னு எழுதிக்குங்க."

பிள்ளையின் படிப்புக்காகத் தாய்மார்கள் நகையை விற்றிருக்கிறார்கள், நிலத்தை விற்றிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் எழுதியிருக்கிறேன். இந்த மெஹருக்கு விற்க எதுவும் இல்லை. இருந்தது கொஞ்சம் மானம் மட்டும். அதை வாசற்படியில் அவளே எடுத்து வைத்துவிட்டாள். அதைவிடப் பெரிய காரியத்தை நான் பார்த்ததில்லை.

கோகுல்நாத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பொருட்கள் பற்றிய பக்கத்தைப் படங்களோடு அப்போதே அனுப்பியாயிற்று. அனுப்பிய பக்கத்தைத் திருத்த முடியாது. தவறான தகவல் தந்தால் மனுவைத் தள்ளிவிடலாம் என்று விதியும் இருக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைச் சொன்னார்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று ரேணுகா கேட்டார். பார்வையாளர் குறிப்பு என்று ஒரு கட்டமும், அவசரத்துக்கு இந்தக் குடும்பத்துக்கு உதவக்கூடியவர்கள் யார் என்று ஒரு கேள்வியும் மிச்சம் இருந்தன. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் யாருமில்லை என்றுதான் பதில் வரும் என்று ரேணுகா சொன்னார்.

"இல்லாம என்னாங்க, தோ நிக்கிறாங்களே" என்றார் கதவோரம் நின்ற கபூர்.

குழாயடியில் லோகநாயகி இருந்தாள். பரந்தாமன், தினேஷ், பெயர் சொல்ல இதுவரை வாய்ப்பு வராத இன்னும் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு கதவில் நின்றிருந்தார்கள். ரேணுகா ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதச் சொன்னார். ஏழாவது பெயரோடு கட்டம் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது மெஹரின் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிவு என் கையில இல்லம்மா. ஆனா என்ன பாத்தேனோ அதை முழுசா எழுதுவேன்" என்றார். வேறு வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. அதனாலேயே மெஹருக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

பிற்பகலில் ஃப்ரிட்ஜ் மறுபடி நாலு பேர் கையில் ஏறித் தன் வீட்டுக்குப் போனது. கபூர் தினேஷோடு சேர்ந்து டிவியைச் சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். காலையில் வீடு மாறிப் போனதை ஆறு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு தரம் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்து மணிக்குச் சபீனாவின் ஃபோனில் ஒரு செய்தி வந்தது. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள். வீட்டிலுள்ள பொருட்கள் குறித்து மறு ஆய்வு தேவைப்படுகிறதாம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து வேறு ஒருவர் வருகிறார். வியாழக்கிழமை முடிவு. வெள்ளிக்கிழமை கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாள்.

"வரட்டும். பாயப் போடறேன், குந்தட்டும்" என்றாள் மெஹர்.

அவித்த இட்லித் தட்டோடு உள்ளே வந்த லோகநாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள்.

"ஏன் மெஹரு, முன்னாடி போட்டோல எல்லாம் கீது. இப்ப வந்து பாத்தா ஒண்ணுமில்ல. அல்லாத்தையும் ஒளிச்சி வெச்சிட்டாங்கன்னு நெனச்சிகினா?"

இது யாருக்குமே தோன்றவில்லை. சபீனா அம்மாவைப் பார்த்தாள். கபூர் சட்டைப் பொத்தானைத் திருகினார். மெஹர் வெற்றுச் சுவரைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜின் கால்கள் தரையில் இழுத்த கோடு இன்னும் அழியவில்லை.

"நெனச்சிகினா, கையப் புடிச்சி உன் ஊட்டுக்கு இட்டுகினு வரேன். ஃப்ரிட்ஜ் எங்க கீது, மருந்து எங்க கீது, ஊசி போடறது யாருன்னு கண்ணால பாத்துகினு போவட்டும். இனிமே ஒரு பொருளும் நகர வேணாம்க்கா. ஆளுங்கதான் நகரணும்."

சபீனாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. தன் அம்மா இவ்வளவு பெரியவள் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

லோகநாயகி மட்டும் திகைத்துப் போனாள். இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். வெளியே பரந்தாமன் சிவப்பு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என் ஊட்டுக்கா?" என்றாள். "என் ஊட்ல குந்தறதுக்கு ஒண்ணுமே இல்லியேடி."

சொல்லிக்கொண்டே வாசலுக்கு விரைந்தாள்.

"பரந்தாமா, அதுல ரெண்ட மட்டும் புதங்கெழம வரிக்கும் வுட்டுட்டுப் போ."